சிறுநீர் உர டேங்க் மக்கர் செய்தால்: சேலம் தரைக்கும் ஏற்காட்டு மலைக்கும் ஒரு பழுது நீக்கும் வழிமுறை

சிறுநீரைத் தனியாகப் பிரித்து, டேங்கில் சேர்த்து, நாள் கடத்தி உரமாக்கும் அமைப்புகளில் புதுப்புதுக் கோளாறுகள் வருவதில்லை. அதே ஏழெட்டுதான் சுற்றிச் சுற்றி வரும். ஓமலூர்ப் பக்கத்துப் பண்ணை வீடு, வாழப்பாடியில் பாக்குத் தோப்பு, ஏற்காட்டில் காபித் தோட்டத்து லைன் வீடுகள் என்று எங்கே கூப்பிட்டாலும், கோளாறு பாதிக்கு மேல் ஒரே காரணத்தில் போய் முடிகிறது: தண்ணீர். வரக்கூடாத இடத்துக்கு வந்த தண்ணீர், அதிலும் தரைப்பகுதியின் உப்புப் போர்த் தண்ணீர். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்க்க வந்திருந்தாலும், "இதில் எங்கிருந்து தண்ணீர் சேருகிறது?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் வேண்டியவை: பி.எச். பேப்பர் (புளிப்பா காரமா என்று நிறத்தில் காட்டும் தாள்), டார்ச் லைட், ரப்பர் கையுறை, நீளமான மரக்குச்சி, ஒரு பாட்டில் வினிகர், கண்ணாடி டம்ளர் ஒன்று. கொத்தனாரின் ரசமட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு கண்டிப்புகள்.

ப்ளீச்சிங் பவுடர் இந்த அமைப்பின் பக்கமே வரக்கூடாது. பழைய சிறுநீரில் அம்மோனியா இருக்கிறது. ப்ளீச்சிங் பவுடர் அதோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சுப் புகை கிளம்பும். ஆசிட் ஊற்றிய இடத்தில் ப்ளீச்சிங் பவுடர் போட்டாலும் குளோரின் வாயு வரும். சுத்தம் செய்ய வருகிற அக்காவிடம் இதை வாயால் சொன்னால் மட்டும் போதாது, கதவில் எழுதி ஒட்டுங்கள்.

இரண்டாவது, டேங்க் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஆள் உள்ளே இறங்கக் கூடாது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இந்த டேங்குக்கும் அதே கட்டுப்பாடுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்கும்போது காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நில்லுங்கள்.

## அறிகுறி: வாசம் தாங்க முடியவில்லை

எங்கே அடிக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

கழிப்பறைக்குள் அடித்தால்

முதலில் தரையையும் பேசின் ஓரத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். சிமெண்டுத் தரை சிறுநீரைக் குடித்து வைத்துக்கொண்டு வெயில் ஏற ஏறக் கக்கும். பக்கெட் தண்ணீரை ஊற்றி அலசுவதுதான் எல்லோருக்கும் கைப்பழக்கம். அந்தத் தண்ணீர் முழுக்க டேங்குக்குத்தான் போகும் என்பதால் அதை மட்டும் செய்யாதீர்கள்.

வாசம் போகவில்லையா? இரவில் பேசினின் வடிகால் துளையை, ஈரத்துணி சுற்றிய பிளாஸ்டிக் கவரால் இறுக்கி அடைத்துவிடுங்கள். காலையில் கதவைத் திறக்கும்போது வாசம் இல்லையென்றால் அது குழாய் வழியாக வருகிறது. அப்போதும் அடித்தால் தரைதான் காரணம். செலவு போகப்போகிற பக்கத்தை இந்த ஒரு சோதனையே சொல்லிவிடும்.

குழாய் வழியாக வந்தால்: தண்ணீரில்லா யூரினலில் ஒரு ரப்பர் நாக்கு இருக்கும். சிறுநீர் இறங்கும்போது திறந்து, நின்றதும் ஒட்டிக்கொள்ள வேண்டியது அது. ஒரு முடி சிக்கினாலே வாய் திறந்தபடி நிற்கும். கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். நாக்கு சரியாக இருந்தும் வாசம் வந்தால், டேங்குக்குள் இறங்கும் குழாயின் முனையைப் பாருங்கள். அது அடித்தரையிலிருந்து நாலு விரல் உயரம் வரை இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் டேங்கில் உள்ள சிறுநீரே அதற்கு மூடியாக நிற்கும். மேலேயே நின்றுவிட்டால் டேங்கின் காற்று நேராகக் கழிப்பறைக்கு ஏறும். ஒரு துண்டுக் குழாயும் ஒரு காலரும் வாங்கினால் முடிகிற வேலை இது.

தரைதான் காரணம் என்றால் டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி மறுபடி பூச வேண்டும். அது கொத்தனார் வேலை.

டேங்க் பக்கம் அடித்தால்

"காத்தோட்டம் இல்லாமத்தான் நாறுது" என்று யாரோ சொல்ல, டேங்குக்கு ஒரு வென்ட் பைப் வைத்திருப்பார்கள். சேலம் வெயிலில் அந்த பைப் வழியாக வெளியேறுவது உங்கள் தழைச்சத்து. செப்டிக் டேங்குக்கு வென்ட் வேண்டும், இதற்கு வேண்டாம். வென்டை மூடி, அழுத்தம் சமமாவதற்கு மட்டும் சிறு ஓட்டை விட்டால் போதும். மூடிக்கு அடியில் ரப்பர் வாஷர் போடுங்கள்.

போகிறதன் மதிப்பு தெரிய ஒரு கணக்கு: நம் நாட்டுச் சாப்பாட்டுக்கு, ஒருவர் சிறுநீரில் ஆண்டுக்குச் சுமார் 2.3 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 0.3 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 1.1 கிலோ சாம்பல் சத்து (பொட்டாசியம்) வெளியேறுகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். (மணியும் சாம்பலும் இங்கே தனிமங்களாகச் சொன்ன கணக்கு.) தழைச்சத்தை மட்டும் பார்த்தால் ஒரு ஆளுக்கு 5 கிலோ யூரியா. ஐந்து பேர் வீட்டில் அது 45 கிலோ மூட்டையில் பாதிக்கு மேல்.

வயலில் அடித்தால்

ஊற்றுகிற நேரத்தில் அடிப்பது சகஜம். மறுநாளும் அடித்தால் மேலாக ஊற்றிவிட்டு மண் தள்ளாமல் விட்டிருக்கிறார்கள். சாயங்காலம், பார் ஓரம் சிறு வாய்க்கால் கீறி, ஊற்றி, உடனே மண்ணை மூடுங்கள். சுண்ணாம்புத் தன்மை உள்ள தரைப்பகுதி மண்ணில் இப்படி மூடாமல் விட்டால் பாதிச் சத்து ஆகாயத்துக்குத்தான்.

## அறிகுறி: மெல்ல வடிகிறது, அல்லது அடைத்தே விட்டது

என்னை அதிகம் கூப்பிடுவது இதற்குத்தான். அடைப்பு எங்கே, எந்த வகை என்று தெரியாமல் எதையும் ஊற்ற வேண்டாம். பேசினிலிருந்து வரிசையாகப் பாருங்கள்: முதலில் நாக்கு, அடுத்து முதல் எல்போ (குழாய் வளைவு), பிறகு குழாய் தட்டையாக ஓடும் இடம். முக்கால்வாசி அடைப்பு முதல் எல்போவிலேயே அகப்பட்டுவிடும்.

கையில் கொழகொழவென்று வந்தால் முடி, தூசி, சவ்வு. ஸ்பிரிங் கம்பி விட்டுச் சுழற்றி இழுங்கள். மலையில் வருவது பெரும்பாலும் இந்த வகைதான். ஊற்று நீரும் மழை நீரும் பொதுவாக மென்மையானவை என்பதால் அங்கே கல் பிடிப்பது குறைவு. அதற்குப் பதிலாகத் திறந்த குழாய் முனையில் பூச்சி கூடு கட்டிவைத்திருக்கும். முனைக்கு நைலான் வலை கட்டினால் தீர்ந்தது.

கம்பி முட்டி நின்றால், தட்டினால் 'டக்'கென்று கேட்டால் கல். தரைப்பகுதியின் அடைப்பு இது. ஓமலூர்ப் பக்கத்து விடுதி ஒன்றில் இப்படி அடைத்த எல்போவைக் கழற்றி ரம்பத்தால் நெடுக அறுத்துப் பார்த்தோம். 3 இஞ்ச் எல்போ. நடுவில் மிச்சம் இருந்த வழியில் ஒரு பென்சில் போகும், அவ்வளவுதான். குழாய்ச் சுவரை ஒட்டி மஞ்சள் பழுப்பில் ஒரு பட்டை, அதன்மேல் அடுக்கு அடுக்காக வெள்ளை. மேல் அடுக்கு நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது, உள் அடுக்குக்கு உளி வேண்டியிருந்தது. வினிகர் சொட்டு விட்டதும் சின்னச் சின்னக் குமிழ்கள். அந்த விடுதியில் ஒவ்வொரு முறை போன பிறகும் பிள்ளைகள் ஒரு சொம்பு போர்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் சிறுநீரின் மணிச்சத்தைப் பிடித்துக் கல்லாக்கிவிட்டன. பயிருக்குப் போக வேண்டிய சத்து எல்போவில் உட்கார்ந்திருந்தது.

செய்ய வேண்டியவை, மலிவானதிலிருந்து:

சிட்ரிக் ஆசிட் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும்) ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 100 கிராம் கரைத்து, இரவு ஊற்றிவிட்டுக் காலை வரை யாரும் போகாமல் பூட்டி வையுங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாக ஊற்றினால் நுரை பொங்கி மேலே வரும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. டேங்கிலிருந்து குழாயைப் பிரித்துக் கீழே ஒரு வாளி வைத்துவிட்டால், கழுவிய ஆசிட் உரத்தில் கலக்காது. பாதி வழி திறந்தால் மறுநாளும் ஒரு முறை.

கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பி.வி.சி. வளைந்துவிடும். காஸ்டிக் சோடா முடிக்கும் சவ்வுக்கும் கேட்கும், இந்தக் கல்லுக்குக் கேட்காது. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. வீட்டில் அதைக் கையில் எடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

ஆசிட்டுக்கு மசியவில்லையென்றால் எல்போவை மாற்றுங்கள். மாற்றும்போதே 90 டிகிரி எல்போவுக்குப் பதிலாக இரண்டு 45 டிகிரி பெண்டு போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் திறந்து பார்க்க ஒரு மூடியும் வையுங்கள்.

கல் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பிடித்தால் வாட்டம் பாருங்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும், கூடுதலாக இருந்தால் நல்லது. பள்ளி, விடுதி மாதிரி இடங்களுக்கு 3 இஞ்ச் குழாய். குழாய் நடுவில் தொங்கிப்போயிருந்தால் அந்தப் பள்ளத்தில் தேங்கும் சிறுநீர்தான் கல்லாகிறது. ஒரு கிளாம்ப் அடித்தால் சரியாகும்.

பிளம்பரைக் கூப்பிட வேண்டிய கட்டம்: அடைப்பு தரைக்கு அடியில் ஓடும் குழாயில் இருந்தால், அல்லது இரண்டு முறை ஆசிட் வைத்தும் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது என்றால். வருகிறவரிடம் "மூத்திரக் குழாய், உள்ளே கல் பிடிச்சிருக்கு, ப்ளீச்சிங் போடாதீங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாக்கடை அடைப்பு என்று நினைத்துக்கொண்டு வருபவர் கையில் எடுத்து வருவது வேறாக இருக்கும்.

## அறிகுறி: டேங்க் சீக்கிரம் நிரம்புகிறது

பெரியவர் ஒருவர் நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை கழிப்பார். பகலில் பாதிப்பேர் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் ஐந்து பேர் வீட்டில், 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப ஒன்றரை மாதமாவது ஆக வேண்டும். இரண்டு வாரத்தில் நிரம்பினால் பாதிக்கு மேல் தண்ணீர்.

முதலில் ஆட்களைக் கேளுங்கள்: கழுவுகிற தண்ணீர் சிறுநீர்ப் பக்கம் போகிறதா? பெரும்பாலும் விருந்தாளி வந்த வாரமாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் இரவு கடைசி ஆள் போன பிறகு மட்டத்தைக் குச்சியில் குறித்து, காலையில் முதல் ஆளுக்கு முன் பாருங்கள்.

மட்டம் ஏறியிருந்தால் எங்கோ தண்ணீர் உள்ளே வருகிறது. கழிப்பறையில் குழாய் சொட்டுகிறதா, மூடி வழியாக மழை இறங்குகிறதா என்று பாருங்கள். புதைத்த டேங்கானால் ஊற்று நீர் புகுந்திருக்கலாம். ஏற்காட்டில் மண்ணில் புதைத்த பிளாஸ்டிக் டேங்கைக் காலியாக வைத்துவிட்டால், ஐப்பசி மழையில் அடியில் நீர் ஊறி டேங்கே மேலே மிதந்து எழும். அப்போது குழாய் இணைப்புகள் பிய்ந்துகொள்ளும். மழைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்காவது நிரப்பியே வையுங்கள்.

மட்டம் இறங்கியிருந்தால் ஒழுகுகிறது. இதில் தள்ளிப்போடக் கூடாது. மலைச்சரிவில் ஒழுகுவது கீழ்வீட்டுக் கிணற்றுக்கோ ஓடைக்கோதான் போய்ச் சேரும். பயன்பாட்டை நிறுத்திவிட்டு, டேங்க் வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். கட்டின சிமெண்ட் தொட்டியானால் பூச்சுக்கு மேல் பூச்சு போட்டுக் காசைக் கரைப்பதை விட, உள்ளே ஒரு பிளாஸ்டிக் டேங்க் இறக்குவது மலிவு.

## அறிகுறி: டேங்க் அடியில் சேறு

கோளாறு இல்லை. மணிச்சத்து தானே படிந்தது அது. கழுவிக் கொட்டாதீர்கள். எடுக்கும் முன் குச்சியால் கலக்கிவிட்டு எடுங்கள், அல்லது சேற்றைத் தனியாக அள்ளி எரு குழியில் போடுங்கள்.

## அறிகுறி: டேங்கில் மலம் கலந்திருக்கிறது

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது நடக்கும், வயிற்றுப்போக்கு வந்த வாரத்தில் பெரியவர்களாலும் நடக்கும். கலந்தது தெரிந்த நாளிலிருந்து நாள் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். அந்த நாள் முடியும் வரை புதிதாக வருவதை வேறு கேனில் சேர்த்து வையுங்கள்.

அந்தக் கணக்கு என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல்படி, பல வீட்டுச் சிறுநீர் சேரும் இடத்தில், 20 டிகிரியும் அதற்கு மேலும் உள்ள வெப்பத்தில் 6 மாதம் மூடி வைத்தால் எந்தப் பயிருக்கும் விடலாம். பதப்படுத்திச் சாப்பிடும் பயிருக்கும் தீவனத்துக்கும் ஒரு மாதம் போதும். ஒரே வீட்டுச் சிறுநீர் அந்த வீட்டுப் பயிருக்கே போனால் நாள் கடத்த வேண்டியதில்லை. கடைசியாக ஊற்றியதற்கும் அறுவடைக்கும் நடுவே ஒரு மாதம் விட்டால் சரி. பச்சையாகச் சாப்பிடும் கீரை, வெள்ளரிக்கு நான் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்வதில்லை.

சேலத்தில் 20 டிகிரி ஒரு கவலையே இல்லை. 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் அது கவலைதான். மார்கழி, தையில் நிழலில் நிற்கும் டேங்க் 20 டிகிரியைத் தொடுவதே கஷ்டம். அந்த இரண்டு மாதத்தை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டேங்கை வெயில் படும் பக்கம் வைத்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்தால் கொஞ்சம் உதவும்.

வீட்டில் யாருக்காவது டைபாய்டு, அல்லது புற்றுநோய்க்கு மருந்து ஓடுகிறது என்றால், அவர்களுடையதைச் சாதாரணக் கழிப்பறைக்கே விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: வால்வு நீலப்பச்சையாகி ஒழுகுகிறது

பித்தளை வால்வு போட்டிருக்கிறார்கள். அம்மோனியா பித்தளையையும் செம்பையும் தின்றுவிடும், ஜி.ஐ. குழாயும் தாங்காது. பிளாஸ்டிக் வால்வு மாற்றுங்கள். வேறு வைத்தியம் கிடையாது.

## அறிகுறி: செடி கருகுகிறது

இலையில் திட்டுத் திட்டாகக் கருகல்: மேலே பட்டிருக்கிறது. வேர்ப்பகுதியில் மட்டும் ஊற்றுங்கள், பட்டுவிட்டால் உடனே கழுவிவிடுங்கள்.

இலை நுனியும் ஓரமும் மட்டும் காய்ந்துகொண்டே வருகிறது: மலிவான காரணம், காய்ந்த மண்ணில் கலக்காமல் ஊற்றியது. ஒன்றுக்கு மூன்றோ ஐந்தோ பங்கு தண்ணீர் கலந்து, பாசனம் செய்த ஈர மண்ணில் விடுங்கள். தொட்டிச் செடிக்குப் பத்துப் பங்கு. அப்படியும் போகவில்லையென்றால் மண் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். பூத்திருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது. சிறுநீரில் நாம் சாப்பிட்ட உப்பு அப்படியே இருக்கிறது, அதோடு உப்புப் போர்த் தண்ணீரும் சேர்ந்தால் பீன்ஸ், அவரை மாதிரிப் பயிர்கள் முதலில் மடியும். அந்தப் பருவம் முழுக்க நிறுத்திவிட்டு, மழை நீரோ காவிரிக் குழாய்த் தண்ணீரோ விட்டு உப்பை இறக்குங்கள். தென்னை ஓரளவு பொறுக்கும்.

செடி கரும்பச்சையாகக் கொழுத்திருக்கிறது, ஆனால் காயோ கிழங்கோ இல்லை: அளவு கூடிவிட்டது. மரவள்ளிக்காரர்கள் ஆசையில் இதில்தான் மாட்டுவார்கள். இலை ஆள் உயரம் நிற்கும், கிழங்கு விரல் மொத்தம் இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு பயிர்க்காலத்தில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் என்பது பொதுவான அளவு, அதையும் இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து.

ஒரு மாற்றமும் தெரியவில்லை: சிறுநீரில் தண்ணீர் கூடியிருக்கும், அல்லது வென்ட் வழியாகச் சத்து போயிருக்கும். மேலே உள்ள இரண்டு தலைப்புகளையும் பாருங்கள்.

காபிக்கு ஒரு தனிக் குறிப்பு. மலை மண் ஏற்கனவே புளிப்பு. அம்மோனியா மண்ணில் மாறும்போது இன்னும் கொஞ்சம் புளிப்பேறும். ஆண்டுக்கு ஒருமுறை மண்ணைச் சோதித்து டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்பு வகைக் கல் தூள்) போடும் பழக்கம் உள்ள தோட்டத்தில் பிரச்சினை இல்லை. அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் சிறுநீரைத் தொடங்கும் முன் இதைத் தொடங்குங்கள். இரண்டு பருவமாகக் காரணம் பிடிபடவில்லையென்றால் மண் மாதிரியோடு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, மலைக்காரர்கள் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ போய்விடுவது நல்லது.

## அறிகுறி: சொட்டுநீர்க் குழாய் அடைக்கிறது

பழைய சிறுநீரை உப்புப் போர்த் தண்ணீரோடு வெஞ்சுரியில் (உரத்தை உறிஞ்சிப் பாசனக் குழாயில் கலக்கும் கருவி) கலந்து விட்டால் எல்போவில் நடந்த அதே கதைதான் டிரிப்பரில் நடக்கும். முதல் நாள் பீப்பாயில் கலந்து, இரவு தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் வடிகட்டி விடலாம். விட்ட பிறகு அரை மணி நேரம் வெறும் தண்ணீர் ஓட்டுங்கள். என்னைக் கேட்டால் பத்துச் சென்ட் தோட்டத்துக்குச் சொம்பே போதும்.

## அறிகுறி: ஸ்ட்ருவைட் தூள் விழவில்லை

சிறுநீரைச் சுமக்க முடியாத இடத்தில், மெக்னீசியம் சேர்த்து மணிச்சத்தை வெள்ளைத் தூளாகப் பிரித்தெடுப்பார்கள், அந்தத் தூள்தான் ஸ்ட்ருவைட். மலைக்கு மேலே தோட்டத்துக்குக் கேன் கேனாகத் தூக்குவதை விட ஒரு பை தூள் சுலபம். நாள் பட்ட சிறுநீர், மெக்னீசியம், பத்து நிமிடக் கலக்கல், தெளிய விடுதல், துணியில் வடித்தல், காய வைத்தல். இதில் எந்தப் படியில் பிசகினாலும் துணியில் ஒன்றும் மிஞ்சாது.

மெக்னீசியம் போட்டும் கலங்கவே இல்லை

பி.எச். பாருங்கள். 9 பக்கம் இருக்க வேண்டும். 8.5-க்குக் கீழே என்றால் சிறுநீர் இன்னும் பழுக்கவில்லை. பழைய டேங்கின் அடிச்சேறு ஒரு கப் கலந்து மூடி வைத்தால் சீக்கிரம் ஏறும். மலையில் கூடுதல் நாள் கொடுங்கள்.

பி.எச். சரியாக இருந்தால் ஒரு லிட்டர் சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் ஒரு லிட்டர் சிறுநீர் எடுத்து, உரக்கடையில் கிடைக்கும் மெக்னீசியம் சல்பேட் 2 கிராம் (அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு) போட்டுப் பத்து நிமிடம் கலக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள். அடியில் வெள்ளை மணலாகப் படிந்தால் சிறுநீரில் குறையில்லை, நீங்கள் வாங்கிய மெக்னீசியத் தூள்தான் குற்றவாளி. படியவில்லையென்றால் சிறுநீரில் மணிச்சத்து இல்லை.

தூள் குற்றவாளி என்றால்

சேலத்துக்காரர்களுக்கே உரிய சிக்கல் இது. மாக்னசைட் ஜங்ஷன் பக்கம் ரயிலில் போகும்போது தெரிகிற வெள்ளைக்கல் குன்றுகளில் கிடைப்பது மாக்னசைட் என்ற மெக்னீசியக் கல்தான். "நம்ம ஊர்க் கல்லே இருக்கும்போது ஏன் காசு கொடுத்து சல்பேட் வாங்கணும்?" என்று எல்லோருக்கும் தோன்றும். நியாயம்தான், ஆனால் கல் மூன்று நிலையில் வருகிறது. சுடாத பச்சைக் கல் தூள் கரையாது. 700, 800 டிகிரியில் இளஞ்சூடாகச் சுட்டது சிறுநீரில் வேலை செய்யும். உலைச் செங்கல்லுக்காக 1,500 டிகிரிக்கு மேல் வறுத்தெடுத்தது கரையவே கரையாது. ஆனால் தெரிந்தவர் மூலம் கேட்டால் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது சரக்கு.

வினிகரால் பிரித்துவிடலாம். டம்ளரில் வினிகரை வெதுவெதுப்பாக்கி ஒரு சிட்டிகைத் தூள் போட்டுக் கலக்குங்கள். இளஞ்சூட்டில் சுட்டது பால்போல் கலங்கி, கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கரைந்துபோகும். உலைத் தூள் பழுப்பு மணலாக அடியில் உட்கார்ந்து, கலக்கும்போது கண்ணாடியில் நறநறவென்று உரசும். பச்சைக் கல் தூள் வெள்ளையாகவே இருக்கும், மெல்லக் குமிழி விட்டுக்கொண்டு கரையாமல் கிடக்கும். இளஞ்சூட்டுத் தூளையும் திறந்த சாக்கில் மழைக்காலம் முழுக்கப் போட்டு வைத்தால் காற்றை இழுத்துச் செத்துவிடும். அதனால் பழைய மூட்டையானால் தெரிந்த சரக்காக இருந்தாலும் சோதியுங்கள்.

அளவு: 100 லிட்டருக்கு மெக்னீசியம் சல்பேட் சுமார் 175 கிராம். நல்ல இளஞ்சூட்டுத் தூளானால் 50 முதல் 60 கிராம். சல்பேட் விலை கூடுதல்தான், ஆனால் மாதம் நூறு இருநூறு லிட்டர் மட்டும் செய்கிற வீட்டுக்கு நான் அதையே சொல்வேன். தூளைத் தேடி அலைகிற பெட்ரோலுக்கு அது மேல்.

மணிச்சத்து இல்லை என்றால்

தண்ணீர் கலந்திருக்கும், குழாயில் கல்லாக நின்றிருக்கும், அல்லது டேங்கின் மேல் குழாயிலிருந்து தெளிவை மட்டும் பிடித்திருப்பீர்கள். கலக்கிவிட்டு எடுத்துப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் முன்னே சொன்ன அடைப்பு வேலைதான் முதல் வேலை. எல்போவில் கல் வளரும் வரை துணியில் தூள் விழாது.

கலங்குகிறது, ஆனால் துணி வழியாகப் போய்விடுகிறது

வேகமாகவோ அதிக நேரமோ கலக்கினால் துகள் பொடிந்துவிடும். பத்து நிமிடத்தோடு நிறுத்தி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல் நீரை முதலில் இறக்குங்கள். அடிக்குழம்பை மட்டும் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடியுங்கள்.

எதிர்பார்த்ததை விட அதிகமாக விழுகிறது

சந்தோஷப்படாதீர்கள். டேங்க் அடியில் படிந்தது போக, 100 லிட்டரில் கரைந்து நிற்கும் மணிச்சத்து முழுவதும் பிரிந்தாலும் ஏறக்குறைய 160 கிராம்தான் வரும், கைக்கு வருவது அதிலும் குறைவு. கால் கிலோ நிற்கிறது என்றால் அதில் கரையாத கல் தூளும் கலந்திருக்கும். மறுபடி வினிகர் டம்ளர்.

காய்ந்ததும் எடை ஏகமாகக் குறைகிறது

சித்திரை வெயிலில் தகரத்தின் மேல் பரப்பியிருப்பார்கள். 50 டிகிரியைத் தாண்டினால் ஸ்ட்ருவைட்டில் உள்ள அம்மோனியாவும் நீரும் பிரிந்து போகும். நிழலில், காற்றோட்டத்தில், சாக்கின் மேல் மெல்லிசாகப் பரப்பிக் கையில் ஒட்டாத வரை காய விடுங்கள். ஈரமாக மூட்டை கட்டினால் கிருமியும் மிச்சம் இருக்கும். வெளியே விற்கிற எண்ணம் இருந்தால் அது 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குக் கீழ் வரும் விஷயம். வேளாண் துறையைக் கேட்காமல் பை அச்சடிக்க வேண்டாம்.

தூளை எடுத்த பிறகு மிஞ்சும் நீரைச் சாக்கடையில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்ட்ருவைட் கொண்டுபோவது மணிச்சத்தைத்தான். தழைச்சத்தில் மிகச் சிறு பங்குதான் அதோடு போகும், சாம்பல் சத்து அப்படியே நிற்கும். பீப்பாயை மூடி வைத்து, ஐந்து பங்கு தண்ணீரோடு தென்னைக்கும் வாழைக்கும் பாத்தி ஓரமாக விடுங்கள்.